பாடிக்கொண்டே பின்னால் வருபவன்

1. ஞாயிற்றுக்கிழமை, சுங்குவார்சத்திரம் விடுதி அறையில், லேப்டாப்பில் ஒரு பழைய ஹாலிவுட் பாட்டு நகைச்சுவைப் படம் போட்டேன்.
2. நாயகன் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டே நாயகியின் பின்னால் அலைந்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.
3. அறைத்தோழி ரேவதி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

“என்னடி, நல்ல சீன்ல மூடுற?”

“அவ வேணாம்னு சொல்லிக்கினே போறா. இதுல இன்னா காமெடி கீது?”

“பழைய படம்டி. கடைசியில அவளுக்கே அவனப் புடிச்சிடும்.”

“அதான் அவனும் சொல்றான்.”

“எவன்?”

அப்போதுதான் சொன்னாள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து விடுதி வாசல் வரை ஒருவன் தினமும் பாடிக்கொண்டே பின்னால் வருகிறானாம்.

“ஏன்டி சொல்லல?”

“நீ வார்டன்கிட்ட போவ. வார்டன் வூட்டுக்குப் போன் பண்ணும். வேலைய வுட்டுட்டு வானு அப்பா கூட்டிக்கினு பூடுவாரு.”

உண்மைதான். அந்த நொடி நான் வார்டனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு அவளுடைய ஷிப்டுக்கு மாறினேன். இப்போது ஒன்றாகவே இறங்கி நடக்கிறோம். அவன் பாடுவதை நிறுத்திவிட்டான், வருவதை நிறுத்தவில்லை. போலீசில் சொல்லலாம் என்கிறேன் நான். ரேவதி இன்னும் சம்மதிக்கவில்லை.