எண்பதைத் தொட்டால் வரும் நடுக்கம்

இது நடந்தது. நம்பாதவர்கள் பாலக்கரையில் அமிர்தராஜ் பட்டறைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பேய் என்றாலே நடுநிசி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பட்டப்பகலில், சென்னை நெடுஞ்சாலையில், ஏசி போட்ட காருக்குள் நடந்தது. பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று எவன் சொன்னான்?

ஸ்ரீரங்கம் மைத்ரேயிக்கு வயது நாற்பத்துமூன்று. சமயபுரத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். பதினைந்து வருடம் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வந்தவள், "இந்த வயசுல உனக்கு எதுக்கு டிரைவிங்?" என்று கேட்ட அத்தனை பேரையும் மீறி ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொந்தச் சம்பளத்தில் ஆறு வருடப் பழைய கார் ஒன்றையும் வாங்கினாள்.

வாங்கிய முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டிக்குள் ஒரு நடுக்கம். ஸ்டியரிங் ஆடாது. அவள் உட்கார்ந்திருக்கும் சீட் ஆடாது. பக்கத்தில் காலியாக இருக்கும் இடது சீட் மட்டும் கிடுகிடுவென்று ஆடும். எண்பதுக்குக் கீழே வந்ததும் நின்றுவிடும்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். டயரை மாற்றினார்கள். வீல் பாலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் ஆயிற்று. ஒவ்வொருவரும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா வழுக்கிக்கிட்டு போகுது மேடம்" என்று சிரித்தார்கள்.

அவள் கணவர் லக்ஷ்மிகாந்த் வங்கி அதிகாரி. அவரும் ஓட்டிப் பார்த்தார்.

"வண்டில ஒண்ணும் இல்லை மைத்ரேயி. உன் மனசுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வரார், கொடுத்துடலாம். பழையபடி நீ பஸ்லயே போ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி போனால்கூடப் பரவாயில்லை. 'பிரமை பிடித்தவள்' என்ற பெயரோடு போவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை காலை அமிர்தராஜிடம் போனாள். ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க ஓட்டறப்ப நீங்க எங்க உக்காந்தீங்க?"

"இடது சீட்ல."

"ஆடுற சீட்டுல ஆளை உக்கார வச்சா எப்படிங்க ஆடும்? நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

வண்டி வாங்கிய இந்த ஏழு மாதத்தில் அவளை ஓட்டச் சொன்ன முதல் மெக்கானிக் அவர்தான். மைத்ரேயிக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை 11.15க்குச் சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டினார்கள். அறுபது. எழுபது. எழுபத்தொன்பது. ஒன்றும் இல்லை.

எண்பத்தொன்று.

டிங்.

வேகம் எண்பதைத் தாண்டினால் வண்டியே அடிக்கும் எச்சரிக்கை மணி அது.

மணி 11.24. இடது சீட் நடுங்கத் தொடங்கியது.

அமிர்தராஜ் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார். "நூறுக்குப் போங்க."

நூறு. அதே நடுக்கம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வீல் கோளாறா இருந்தா வேகத்துக்குத் தக்கபடி மாறணும். இது மாறலையே..." மணி அடித்த நொடியில்தானே ஆட ஆரம்பித்தது என்பதை நினைத்துப் பார்த்தார். "மேடம், இது வேகத்துக்கு வரலை. அந்த மணிக்கு வருது. ஓரங்கட்டுங்க."

டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு மணியின் ஒயரைப் பிடுங்கினார். அதில் பழைய டேப் சுற்றியிருந்தது. முன்பே யாரோ ஒருவர் அதை வெட்டியிருக்கிறார். பிறகு இன்னொருவர் ஒட்டியிருக்கிறார்.

11.40. மறுபடி ஓட்டினாள். தொண்ணூறு. நூறு. மணி அடிக்கவில்லை.

சீட் அசையவே இல்லை.

ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். கணவரிடம் காட்டுவதற்காக அவள் செல்போனில் எடுத்துவைத்த, அவர் ஒருமுறைகூடப் பார்க்காத வீடியோக்கள் இருந்தன. அவற்றில் அந்த மணிச் சத்தமும் இருந்தது.

"போட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் மேடம்..."

போட்டாள்.

11.52.

டிங்.

சீட் நடுங்கியது.

என்ஜின் ஓடவில்லை.

சக்கரம் சுழலவில்லை.

"ஏசுவே..." பின்கதவு திறந்தது. அமிர்தராஜ் ரோட்டில் நின்றார்.

மைத்ரேயி இறங்கவில்லை. பயம் வரத்தான் செய்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"ஏழு மாசமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கினது நீதானா?" என்று கத்தி, சீட்டின் மேல்பக்கத்தைப் பலமாக அழுத்திப் பிடித்தாள்.

கைக்குத் தட்டுப்பட்டது சீட் இல்லை...

குளிர்ஜுரம் வந்தவர்களின் தோளைப் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. எலும்பு. அதற்கு மேல் தளர்ந்த சதை. சூடு.

அவள் கையை எடுக்கவில்லை. அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பழைய ஆர்.சி. நகலில் முந்தைய உரிமையாளர் பெயர் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ், கே.கே. நகர். மாலை நான்கு மணிக்கு இருவரும் அங்கே போனார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர். மைத்ரேயி மணி ஒயரைப் பற்றிக் கேட்டதும் அவர் தயங்கவே இல்லை.

"நான்தாம்மா வெட்டினேன். என் வீட்டுக்காரி வியாகுலத்துக்கு ஸ்பீடுன்னா ஆகாது. அந்த மணி அடிச்சாப் போதும், பக்கத்து சீட்ல உக்காந்து நடுங்க ஆரம்பிச்சிடுவா. எனக்குக் கண்ணு மங்கினதும் ஒரு புரோக்கர்கிட்ட வண்டியைக் குடுத்துட்டேன். அவர் ஒட்டியிருப்பார்."

"அவங்க எப்போ... தவறினாங்க?" என்று மைத்ரேயி மெல்லக் கேட்டாள்.

அவர் முறைத்தார். "தவறினாளா? உள்ளே உக்காந்திருக்காம்மா."

மைத்ரேயி சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"உயிரோடதான் இருக்கா. ஆனா ஏழு மாசமா உடம்பு தூக்கிப் போடுது. ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கறாங்க. நடுக்கம் வர்ற நேரத்தைக் குறிச்சு வைக்கச் சொன்னார் டாக்டர்."

கிழித்த காலண்டர் தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தது. காலை 8.21, மாலை 5.43. காலை 8.19, மாலை 5.40. ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் இல்லை. கல்லூரி விடுமுறை நாட்களிலும் இல்லை.

அன்றைய தாளில் 11.24, 11.52.

11.40 இல்லை.

உள்ளே ஜன்னலோர நாற்காலியில் வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்தார். மைத்ரேயியை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"ஏம்மா... இவ்ளோ அழுத்தியா பிடிப்ப?"

அன்று இரவு மைத்ரேயி கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "வண்டியை விக்க மாட்டேன். வாங்கறவன் மணியை மாட்டிண்டு தினமும் பறந்தான்னா அந்தம்மா என்ன ஆவா? பிரமைன்னு தோணினா நீங்களே அந்த சீட்ல கையை வச்சுப் பாருங்கோ. நான் மணியைப் போடறேன்."

லக்ஷ்மிகாந்த் வீடியோவைப் பார்த்தார். காலண்டர் தாள்களின் போட்டோவையும் பார்த்தார். கையை வைக்க மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவிருந்தவரை அவரே போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னார்.

ஒயரை மறுபடி யாரும் மாட்டவில்லை. வியாகுலம்மாளின் நடுக்கம் நின்றுவிட்டது. இரண்டு மாதம் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை 6.05க்கு ஸ்தனிஸ்லாஸ் போன் செய்தார். குரல் சரியில்லை.

"ராத்திரி 2.10லேர்ந்து 3.35 வரைக்கும் விடாம நடுங்கினாம்மா. அந்த நேரத்துல வண்டியை எங்க எடுத்துட்டுப் போனீங்க?"

"வண்டி எங்கிட்ட இல்லைங்க சார். பிரேக் வேலைக்குப் பட்டறையில விட்டிருக்கேன்."

"நீங்க ஓட்டலைன்னுதான் அவளும் சொல்றா." குரலைத் தாழ்த்தினார். "யாரோ ஒரு ஆம்பளையாம். மெதுவா போப்பான்னு இவ கெஞ்சினாளாம். அவன் திரும்பிப் பார்த்து சிரிச்சானாம்..."

மைத்ரேயி உடனே அமிர்தராஜை அழைத்தாள். அவர் வந்து பட்டறைப் பூட்டைத் திறந்தார். ஷட்டரைத் தூக்கினார். முதல்நாள் மாலை விட்டுப்போன இடத்திலேயே வண்டி இருந்தது. ஸ்டாண்டு மேல் தூக்கி நிறுத்தியபடி. நாலு சக்கரங்களையும் கழற்றி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சிரித்தவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வண்டியைத் தொலைத்துத் தலைமுழுகச் சொல்லாதவர்கள் இல்லை. மைத்ரேயி அசையவில்லை. அன்று மத்தியானமே பிரேக் வேலையை முடித்துச் சக்கரங்களை மாட்டச் சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இப்போதும் தினமும் காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன்னால், இடது சீட்டின் தோளில் கையை வைத்து, "அம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாள்.