அந்த முகத்தை மாற்றவில்லை

நான் செய்த மொபைல் விளையாட்டு ஆப் ஸ்டோரில் ஏறிய மூன்றாம் நாள், ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"இன்னாம்மா, உன் ஆட்டத்தத் தேடிக்கினே கீறேன், காணோமே? மைக்க அமுக்கி பெல்ட்டுன்னு சொன்னா இடுப்புல கட்ற பெல்ட்டு வருது, காருல மாட்டற பெல்ட்டு வருது, கராத்தே பெல்ட்டுகூட வருது. உன்னுது மட்டும் வர்ல."

அப்போது நான் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வரிசை நின்றிருந்தது. "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னது எனக்குத் தெரியாத விஷயமில்லை. மூன்று நாளாக நானும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன். விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால் அடியில் எங்கோ என் விளையாட்டு கிடந்தது. இறக்கியவர்கள் யார் யார் என்று பேர் சொல்லிவிடலாம். நான், என் ஹாஸ்டல் அறைத் தோழிகள், கவுண்டரில் உடன் வேலை செய்யும் அக்கா.

விளையாட்டின் பெயர் "பெல்ட்டு". மாங்காய் சீசனில் அம்மா சித்தூர் பக்கம் ஒரு பழக்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவாள். கழுவிய பழங்கள் நீளமான ரப்பர் பெல்ட்டில் ஓடி வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, அழுகியதைத் தூக்கி எறிய வேண்டும், பழுக்காததைத் தனிக்கூடையில் போட வேண்டும், நல்லதை விட்டுவிட வேண்டும். பெல்ட்டு நிற்காது. இன்ன வேலை என்று யாராவது கேட்டால் அந்தப் பெண்கள் "பெல்ட்டு மேல நிக்கிறேன்" என்பார்கள். அதைத்தான் நான் விளையாட்டாக்கினேன்.

எங்கள் ஊர் எல்லையோரம். ஒரு பக்கம் பஸ் ஏறினால் வேலூர், இன்னொரு பக்கம் ஏறினால் சித்தூர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்பா, எங்களுக்கு நைனா, குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறார். என் தாத்தா காலத்தில் அதுவும் கிடையாது. நான் திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்தேன், வேலை தேடினேன், டோக்கன் கவுண்டர் கிடைத்தது. வார விடுமுறைகளில் ஒரு பழைய லேப்டாப்பில், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வருஷம் அந்த விளையாட்டைச் செய்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் அம்மாவிடம்தான் காட்டுவேன்.

"அழுகினது கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றாள் ஒரு நாள். "மேல பளபளன்னு இருக்கும். மூக்குதான் சொல்லும்."

போனுக்கு மூக்கு இல்லையே. ரொம்ப யோசித்து, அழுகிய பழத்தைச் சுற்றி ஒரே ஒரு ஈயைப் பறக்க விட்டேன். அம்மா கூர்ந்து பார்த்துவிட்டு, "ம், இது கரெக்டு" என்றாள். அவள் முகத்தையே வரைந்து ஐகானாக வைத்தேன். கருத்த முகம், தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் கிளவுசு. கிளவுசின் இடது ஆள்காட்டி விரல் கிழிந்திருக்கும். அவளுடையது அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் போயும் யாரும் சீண்டவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு டிபன் ஹோட்டலுக்கு மேல் மாடியில், செயலிகளைத் தேடலில் மேலே ஏற்றித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையில் மரியாதையான மனிதர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். என் விளையாட்டைப் பத்து நிமிஷம் ஆடிப் பார்த்தார். அதற்காக அவர் மேல் இன்றும் எனக்கு மதிப்பு உண்டு. அதுவரை அவ்வளவு நேரம் ஆடிய முதல் அந்நியர் அவர்தான்.

"ஆட்டம் சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார். "ஆனா கடையில சரக்கு நல்லாருந்தா போதாது. ஜனம் ஐகானைத்தான் பாக்கறாங்க. இந்த முகத்து மேல எவரு வேலு பெடதாரு? யாரு விரல வைப்பாங்க? செவப்பா, பெரிய கண்ணா ஒரு பொண்ணு போடு. வாயத் தொறந்து கத்தற மாதிரி. பேரையும் மாத்து. அஞ்சு ஸ்டார் ரிவ்யூ நான் பாத்துக்கறேன், மொத்தமா எறக்கிடலாம்."

"ரிவ்யூ யார் எழுதுவாங்க சார்?"

"ராசேவாளு உன்னாரு. அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

"அவங்க ஆடிப் பாப்பாங்களா?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பொறுமையாகவே சொன்னார்: "திருப்பதியில இருந்துக்கினு மாங்கா எதுக்கும்மா? மலைப்படி ஏர்ற ஆட்டம் ஒண்ணு பண்ணு. ஒரே வாரத்துல எங்கியோ போயிடும்."

எனக்குக் காது சுட்டது. "சார், அது எங்கம்மா முகம்" என்றேன்.

அவர் சங்கடப்பட்டார். "ஐயோ, தப்பா சொல்லலம்மா, பிசினஸ் சொல்றேன்" என்றார்.

"பிசினசுக்காகவும் மாத்த மாட்டேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. நல்ல விளையாட்டைச் செய்து வைத்துவிட்டு, யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தது என் தப்பு. முகத்தை மாற்ற மாட்டேன், பொய் ரிவ்யூ வாங்க மாட்டேன். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றுவேன் என்று முடிவு செய்தேன்.

பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் "மாங்காய் பொறுக்கும் ஆட்டம்" என்று சேர்த்தேன். விவரத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் நானே எழுதினேன். அதற்கு முன் இணையத்தில் யாரோ சொன்னபடி விறைப்பான ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன், அதை அம்மாவாலும் படிக்க முடியாது, எனக்கும் பிடிக்காது. ஸ்டோர் பக்கத்தில் முதல் படமாகப் பெரிய எழுத்தில் விளையாட்டின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஈ பறக்கும் பழத்தை நோக்கி ஒரு கை நீளும் படத்தை வைத்தேன்.

அப்புறம் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மருத்துவமனை ஹாலில் நோயாளியோடு வந்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். என் சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் போய், "ஒரு நிமிஷம் இத ஆடிப் பாக்கறீங்களா?" என்று போனைக் கொடுப்பேன். வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பேன். எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள். ஆட்டம் தொடங்குமுன் நான் எழுதியிருந்த ஐந்து பக்க விளக்கம். ஒரு பெரியவர் மூன்றாம் பக்கத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பரீட்சையா பாப்பா?" என்றார். அன்றே ஐந்து பக்கத்தையும் தூக்கினேன். எடுத்ததும் பெல்ட்டு ஓடும், பழம் வரும், அவ்வளவுதான்.

அம்மாவோடு வேலை செய்யும் பெண்கள் இறக்கப் பார்த்தபோது, போனில் இடமில்லை என்று வந்ததாம். பிள்ளைகளின் போட்டோவை அழித்துவிட்டா என் ஆட்டத்தை ஏற்றுவார்கள்? படங்களைச் சுருக்கி, தேவையில்லாத இசையை எடுத்து, நாலைந்து போட்டோ பிடிக்கும் இடத்துக்குள் விளையாட்டைக் கொண்டுவந்தேன். அது மட்டும் மூன்று வார வேலை.

விளையாட்டுகளைப் பற்றி வீடியோ போடுகிறவர்களுக்கு எல்லாம் எழுதினேன். பதில் இல்லை. ஸ்டோரில் சிறிய ஆட்களின் செயலிகளைப் பட்டியல் போட்டுக் காட்டுவார்கள், அதற்கு விண்ணப்பித்தேன். அதற்கும் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. வந்த ரிவ்யூக்களுக்கு மட்டும், ஒன்று விடாமல் நான் பதில் எழுதினேன். ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, "இது ஆட்டமில்லை, வேலை" என்று எழுதியிருந்தார். "ஆமாங்க, சரியாகச் சொன்னீர்கள்" என்று எழுதினேன்.

ஜூன் மாதம் சீசன் உச்சத்தில் இருந்தது. லீவு போட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போனேன். உள்ளே போன் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே புங்கமர நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் போனைக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் நிற்கும் ஒரு அக்கா வாங்கினாள். ஒரு கையில் சோற்றுருண்டை, இன்னொரு கையின் கட்டைவிரலால் ஆடினாள். நான் உருவாக்கிய ஆட்டத்தில் நானே தாண்டாத கட்டம் ஒன்று உண்டு. அதை அவள் பேசிக்கொண்டே தாண்டிப் போனாள்.

"இன்னா இவ்ளோ மெதுவா உட்டுகீற?" என்றாள் என்னிடம். "எங்க பெல்ட்டு இத்த விட ஜாஸ்தியா ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளிடம் கேட்டு அனுமதி வாங்கி அதை வீடியோ எடுத்தேன். "நான் செய்த ஆட்டம். என்னைத் தோற்கடித்தவர் இவர்" என்று மட்டும் எழுதி இணையத்தில் போட்டேன். இரண்டு நாள் அசைவில்லை. மூன்றாம் நாள், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்கள் யாரோ அதைப் பகிர்ந்தார்கள். அங்கிருந்து ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பரவியது. கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறவர்கள், தபால் பிரிக்கிறவர்கள், எங்கோ ஒரு ஊரில் இறால் உரிக்கிறவர்கள் எல்லாம் எழுதினார்கள். "எங்கள் வேலையையும் ஆட்டமாகப் போடு" என்றார்கள். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்து அழுதேன். டோக்கன் வாங்க வந்த ஒருவர், "இன்னாம்மா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் ஃபேக்டரி மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐகானைப் போனில் காட்டி, "கிழிஞ்ச கிளவுசோட உன் பொண்ணு படம் போட்டுகீது. பாக்கறவன் எங்க ஃபேக்டரிய இன்னா நெனைப்பான்? மாத்தச் சொல்லு" என்றாராம்.

அம்மா சொன்ன பதிலை, ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்த அந்த அக்காதான் எனக்குச் சொன்னாள். அம்மா தன் வாயால் சொல்லவே இல்லை.

"கிழிஞ்சத குடுத்தது நீங்க சார், வரைஞ்சது அவ. எத மாத்தணும்?"

இரண்டு நாளில் எல்லாருக்கும் புதுக் கிளவுசு வந்தது. அம்மாவை வேலையை விட்டும் நிறுத்தவில்லை. சீசன் உச்சத்தில் அவள் வேகத்துக்கு வேறு ஆள் கிடையாது, அது அவருக்கும் தெரியும். "அப்போ படத்துல கிளவுசத் தெச்சிடவாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? அது இருந்தது இருந்ததுதானே" என்றாள்.

அதுவரைதான் நிம்மதி. ஆகஸ்டில் என் விளையாட்டைத் தேடினால், அதற்கு மேலே இன்னொன்று வந்தது. கிட்டத்தட்ட அதே பெயர், அதே பெல்ட்டு, அதே ஈ. ஐகானில் மட்டும் சிவந்த, பெரிய கண்கொண்ட ஒரு பெண், வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். நடுநடுவே விளம்பரம். உள்ளே போனால் என் படங்களை அப்படியே எடுத்திருந்தார்கள். அம்மாவின் கிழிந்த விரல்கூட அதில் இருந்தது. முகத்தை மாற்றியவர்களுக்குக் கையை மாற்றத் தோன்றவில்லை.

ஸ்டோரில் புகார் கொடுத்தேன். இது இரு தரப்பும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று அச்சடித்த பதில் வந்தது. சரி என்று அந்த நகலைச் செய்தவர்களுக்கே மெயில் எழுதினேன். உடனே பதில் வந்தது. உங்களிடம் ஆட்டம் இருக்கிறது, எங்களிடம் அதை மேலே கொண்டுபோகும் வித்தை இருக்கிறது, எதிர்த்து என்ன பயன், பெயரை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், சேர்ந்து வளரலாம் என்று ரொம்ப இனிமையாக எழுதியிருந்தார்கள்.

"அந்தக் கை என் அம்மாவுடையது. திருப்பி வைக்கவும்" என்று மட்டும் எழுதினேன்.

இரண்டாவது புகாருக்கும் அதே அச்சடித்த பதில். மூன்றாவது முறை, உட்கார்ந்து ஒரு வழக்கையே தயார் செய்தேன். பென்சிலில் வரைந்த முதல் படம், அது எந்தத் தேதியில் கணினியில் ஏறியது, அம்மாவின் பழைய கிளவுசின் போட்டோ, இரண்டு விளையாட்டின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில். ஆடுகிறவர்களிடமும் சொன்னேன். யாரையும் திட்டச் சொல்லவில்லை, நகல் எது அசல் எது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் ரிவ்யூக்களில் சொன்னார்கள். இறால் உரிக்கும் ஒரு பெண் எழுதியதை நான் மறக்க மாட்டேன்: "இதைச் செய்தவன் ஒரு நாளும் பெல்ட்டு மேல நின்றவன் இல்லை."

ஒரு மத்தியானம் பார்த்தபோது அந்த நகல் ஸ்டோரில் இல்லை. ஏன், எப்படி என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. கவுண்டரில் இருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் எனக்கும் தனக்கும் டீ சொன்னாள்.

இப்போதும் நான் டோக்கன் கவுண்டரில்தான் இருக்கிறேன், வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்களில் முட்டை பிரிக்கும் கட்டத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். அதைச் செய்ய விளையாட்டின் வருமானமே போதும் என்ற நிலை வந்துவிட்டது.

போன மாதம் நான் படித்த கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். என்னை அறிமுகம் செய்த ஆசிரியர், நல்ல மனசோடுதான், "எந்த விளம்பரமும் இல்லாமல், தரம் ஒன்றினாலேயே தானாகக் கவனிக்கப்பட்டவர்" என்றார். கை தட்டினார்கள். மைக்கை வாங்கியதும், எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டேன்.

"சார் மன்னிக்கணும், தானா ஒண்ணும் நடக்கல" என்றேன். "ஒவ்வொரு ஆளா போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரி ஹால்ல கெஞ்சினேன். பதில் வராத எடத்துக்கெல்லாம் எழுதினேன். தானா வரும்னு ஒக்காந்திருந்தா இன்னிக்கும் என் ஆட்டத்த நாலு பேருதான் ஆடிக்கினு இருந்திருப்பாங்க."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, ஐகான்ல நல்லா அழகா ஒரு முகம் போட்டிருந்தா சீக்கிரம் வந்திருக்கும்ல?"

"அழகான முகந்தாம்மா போட்டிருக்கேன்" என்றேன். "நீ இன்னொரு தடவ பாரு."

அவள் போனை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டு, பேச வந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தேன்.