புத்தகத்தில் நூற்றுப் பதினாலு

போன வாரம் மாடி வீட்டுப் பெண் பென்சில் சீவ பிளேடு கேட்டு வந்தாள். கையில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு. பி.எஸ்ஸி. படிக்கிறாள். மறுநாள் லேபில் செய்ய வேண்டிய சோதனையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாளாம்.

சும்மா எட்டிப் பார்த்தேன். முடிவு எழுத வேண்டிய இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது!

"இன்னும் செய்யவே இல்லையே, எப்படி முடிவு எழுதினாய்?"

"சீனியர் நோட்டுல இருக்கு ஆன்ட்டி. செஞ்சு பாத்து வேற மாதிரி வந்துச்சுன்னா மார்க் போயிடும்ல?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் கை வேலை ஓடவில்லை. லேபில் மார்க் எதற்கு? வந்த விடைக்கா... வரவேண்டிய விடைக்கா?

நான் படித்தது யுத்தம் வருவதற்கு முன்னால். சொந்த ஊர் உத்தமபாளையம் பக்கத்தில் ராயப்பன்பட்டி. பெண்ணை மதுரைக்கு அனுப்பிக் கெமிஸ்ட்ரி படிக்கவைக்கிறார் என்று எங்கள் ஐயாவை ஊரே விசாரித்துக்கொண்டிருந்தது. ஐயா நெல்லும் சோளமும் போடுகிற விவசாயி. என்னை அனுப்பும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "ஒரு பாடத்துல தோத்தாலும் சரி, பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துறணும் ஆத்தா. சின்னமனூருல இருந்து ரெண்டு தடவ பொண்ணு கேட்டு வந்துட்டாக."

காலேஜில் என் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அசிட்டனிலைட் என்று ஒரு பொருள். காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் மருந்தாகக் கொடுத்தது. அதைத் தயாரித்து, வெந்நீரில் கரைத்து, ஆறவிட வேண்டும். ஆற ஆற, பாத்திரத்துக்குள் வெள்ளைத் தகடு தகடாகப் படிகம் இறங்கும். மீன் செதில் மாதிரி மின்னும். அதை வடிகட்டி, உலர்த்தி, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்க்க வேண்டும். சுத்தமான அசிட்டனிலைட் நூற்றுப் பதினாலு டிகிரியில் உருகும். கலப்படம் இருந்தால் அதற்குக் கீழேயே உருகிவிடும்.

வகுப்பு முழுவதற்கும் உருகுநிலை பார்க்க ஒரே கருவி, ஒரே தெர்மாமீட்டர். வரிசையில் நின்று பார்த்தோம். எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. இன்னொரு தடவை சுத்தம் செய்து பார்த்தேன். அதே நூற்றுப் பன்னிரண்டு!

அதையே எழுதிக் கொடுத்தேன்.

எங்களுக்கு மார்க் போடுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் நல்ல மனுஷர். மதுரைக்காரர். அவர் சிவப்புப் பென்சிலை என் எண்ணின்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் நூத்திப் பதினாலு எழுதியிருக்காக. நீயும் திருத்திக் குடுத்துரும்மா. மார்க் போட்டுர்றேன். இல்லேன்னா நீ பாஸ் ஆக மாட்ட."

"சார், நான் பார்த்தது நூற்றுப் பன்னிரண்டுதான்."

"நீ பாத்தத யாரும்மா கேட்டா?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நான் பார்த்ததை யாரும் கேட்கவில்லை என்றால், என்னை எதற்காக அந்தக் கருவிக்கு முன்னால் நிறுத்தினார்கள்?

நோட்டை எடுத்துக்கொண்டு நேரே புரொபசர் அறைக்குப் போனேன். கதவுக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் பயம் வந்தது. திரும்பவும் முடியவில்லை. "சார், தெர்மாமீட்டர் தப்பாக இருக்கலாம்" என்று உளறினேன்.

புரொபசர் அதிகம் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்படிச் சோதிப்பாய்?"

"கொதிக்கிற தண்ணீரில் வைத்து, சார். நூறு காட்ட வேண்டும்."

"லேபில் கேஸை நிறுத்திவிட்டார்கள். நாளை முதல் கிறிஸ்துமஸ் லீவு." கொஞ்சம் யோசித்தார். "உன் வீட்டில் அடுப்பு இருக்கிறதல்லவா?"

எழுந்துபோய் அந்தத் தெர்மாமீட்டரை அதன் மரப்பெட்டியோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஜெர்மனிச் சரக்கு. உடைந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "லீவு முடிந்ததும் வந்து சொல். அதுவரை உன் மார்க் நிற்கட்டும்" என்றார்.

மதுரையில் ரயிலேறித் தேனி வரை அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. தேனியிலிருந்து பஸ். அந்த ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டில் பண்டிகைப் பலகாரம் நடந்துகொண்டிருந்தது. முறுக்குச் சட்டியை இறக்கச் சொல்லி, அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஊரே பலகாரம் போடுது. இங்கன ஒருத்தி பச்சத் தண்ணியக் காய்ச்சி வேடிக்க பாக்குறா. இதுக்கா அம்புட்டுத் தூரம் படிக்கப் போன?"

சத்தம் கேட்டு ஐயா வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், பாஸ் ஆக மாட்டேன் என்று டெமான்ஸ்ட்ரேட்டர் சொன்னது உட்பட. ஐயா அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கினேன். பாதரசம் மேலே மேலே போய்... நின்றுவிட்டது.

"தொண்ணூத்தாறத் தாண்டிருச்சு. தொண்ணூத்தேழத் தொடலையே ஆத்தா" என்றார் ஐயா.

விறகைத் தள்ளிப் பார்த்தோம். ஊஹூம், அசையவில்லை.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. தெர்மாமீட்டர் மூன்று டிகிரிக்கும் மேலே குறைத்துக் காட்டுகிறது! அடுத்த நிமிஷமே சந்தோஷம் வடிந்துவிட்டது. என் நூற்றுப் பன்னிரண்டோடு மூன்று சொச்சத்தைக் கூட்டினால் நூற்றுப் பதினைந்தைத் தாண்டிவிடுகிறது. அதெப்படி? கலப்படம் இருந்தால் உருகுநிலை இறங்கும். எவ்வளவுதான் சுத்தம் செய்தாலும் புத்தக எண்ணுக்கு மேலே ஏறாதே!

"எதுக்கு இந்த வம்பு? அவுக சொன்னத எழுதிட்டுப் பாஸாகிற வேண்டியதுதான?" என்றார் அம்மா.

ஐயா என்னைப் பார்த்தார். "நீ பாத்தது ரெண்டும் நெசந்தான?"

"நெசம்தான்யா."

"அப்பறம் ஏன் இடிக்குது?"

ராத்திரி வரை நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், இடித்தது இடித்தபடியே இருந்தது. சின்னமனூர்க்காரர்கள் கண்ணுக்குள் வந்து வந்து போனார்கள்.

மறுநாள் என் அண்ணன் அந்தோணி மலையிலிருந்து இறங்கி வந்தான். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சாப்பிட உட்கார்ந்தவன் பருப்பை மட்டும் மூன்றாம் தடவை கேட்டு வாங்கினான். அம்மாவுக்குச் சிரிப்பு.

"ஏலே, அங்கன உனக்குப் பருப்பே போட மாட்டாகளா?"

"போடுறாக, வேகணும்ல? தண்ணி என்னமோ சீக்கிரமாக் கொதிச்சிருது. பருப்பு மட்டும் கல்லு மாதிரிக் கெடக்கு. மலையில எவன் சமைச்சாலும் இதே கததான்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது எனக்கு.

உயரம்! மேலே போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. இன்டர்மீடியட் பிசிக்ஸில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது இமயமலைக்கு உரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரும் ஓர் உயரத்தில்தான் இருக்கிறது என்று தோன்றவே இல்லையே!

எவ்வளவு உயரம்? ரயில்வே ஸ்டேஷன் பலகைகளில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று எழுதியிருப்பார்கள். தேனியில் பார்த்தது நினைவிருந்தது. ஆயிரம் அடிக்குப் பக்கம். ஆறு எங்கள் பக்கமிருந்து தேனிப் பக்கமாக ஓடுகிறது. அப்படியானால் நாங்கள் இன்னும் மேலே. சுமாராக ஒன்றேகால் டிகிரி என்று வைத்தேன். எங்கள் அடுப்பில் தண்ணீர் நூறில் கொதிக்கவே கொதிக்காது!

அந்த மூன்று சொச்சத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்தேன். தெர்மாமீட்டரின் குறை, இரண்டு டிகிரி. நூற்றுப் பன்னிரண்டும் இரண்டும்...

எச்சில் கையோடு எழுந்து ஐயாவிடம் ஓடினேன். அவருக்குக் கணக்கு முழுக்கப் புரிந்ததா, தெரியாது. "அப்ப நம்ம ஊர்த் தண்ணிக்கே நூறு கெடையாதா?" என்று அவர் அதிசயப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பண்டிகை முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ், பெயில் பேச்சை எடுக்கவில்லை.

லீவு முடிந்து திரும்பியதும், புரொபசர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் வகுப்புக்கு முன்னால் பர்னரைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்தது. தெர்மாமீட்டரை இறக்கினார். மதுரைக்கு அப்படி ஒன்றும் உயரமில்லை. நூறை ஒட்டி நிற்க வேண்டும். தொண்ணூற்றெட்டைக்கூடத் தொடவில்லை.

"இதே தெர்மாமீட்டரில் நூற்றுப் பதினாலு பார்த்தவர்கள் கை தூக்குங்கள்."

ஒரு கையும் எழவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் நூற்றுப் பன்னிரண்டுதான் வந்தது, சார். என்மேல்தான் தப்பு என்று நினைத்தேன்."

புரொபசர் திட்டவில்லை. எல்லாருடைய உருகுநிலை மார்க்கையும் அடித்துவிட்டு, மறுபடி செய்யச் சொன்னார். என்னையும் சேர்த்து!

"நான் எதற்கு, சார்?"

"கருவி சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். நீ கடைசியில்தானே பார்த்தாய்?"

பேச முடியுமா? மறுபடி செய்வதிலேயே சனிக்கிழமைகளெல்லாம் போயின. பையன்கள் அந்த டேர்ம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஒருத்தியால் எல்லாருக்கும் இரட்டை வேலை என்றால் யார்தான் பேசுவார்கள்? நான் பாஸ் ஆனேன், மயிரிழையில். உருகுநிலைக்கு முழு மார்க். ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று பாதிப் பொருளைத் தண்ணீரோடு விட்டிருந்தேன். கடைசியில் எவ்வளவு எடை மிஞ்சுகிறது என்பதற்கும் மார்க் உண்டு; அது போய்விட்டது. அதைக் கேட்டு ஐயா, "வெறும் பாஸுதானா?" என்று கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டார். சின்னமனூருக்கு மட்டும், படிப்பு முடியட்டும் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார்.

ஆனால் எனக்கு இன்றும் மறக்காதது, அந்த இரண்டாம் சுற்று நோட்டுகள் டெமான்ஸ்ட்ரேட்டர் மேஜைக்கு வந்த சாயங்காலம்தான். தெர்மாமீட்டரின் குறையைக் கூட்டிய பிறகும் ஒருத்தனுக்கு நூற்றுப் பத்து. ஒருத்தனுக்கு நூற்றுப் பதின்மூன்று. இன்னொருத்தனுக்கு நூற்றுப் பன்னிரண்டரை. எல்லாரும் பார்த்ததை எழுதியிருந்தார்கள். மனுஷர் சிவப்புப் பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, "எப்படிச் செஞ்ச? எத்தன தடவ வடிகட்டுன?" என்று விசாரித்து விசாரித்து மார்க் போட்டார். லேப் பூட்டுகிற நேரத்தில் பாதி நோட்டுகூட முடியவில்லை.

பொய்யெல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்கும்... நோட்டுத் திருத்தி மார்க் போடுவது எவ்வளவு சுலபம்!