கம்பிக்குப் பின்னால் எங்கள் துப்பாக்கி

ஏலகிரி அடிவாரத்தில் எங்கள் வேர்க்கடலையைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பாற்றியது, என் கணவர் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த துப்பாக்கிதான். எண்பதுகளில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவுப்படி அதை போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தோம். கடலை முற்றியிருந்த நேரம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், பாதி நிலம் ஏர் ஓட்டியதுபோல் கிளறிக் கிடந்தது.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். கம்பிக்குப் பின்னால் எங்கள் துப்பாக்கி பெயர்ச்சீட்டோடு நின்றது.

"மீதியாவது தப்பட்டும், குடுங்க சார்" என்று அழுதேன்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓட்டு எண்ணி முடிக்காம தரக்கூடாதும்மா. எங்க கொல்லையும் பன்னி மேஞ்சி நாசமாப் போச்சு. எங்கப்பா துப்பாக்கியும் இங்கதான் இருக்குது. நான்தான் காவல் நிக்கிறேன்."

கோபத்தைக் காட்ட ஓர் ஆள்கூட இல்லாமல் வீடு திரும்பினேன்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வந்தது. நிலத்தில் காப்பாற்றத்தான் எதுவும் மிஞ்சவில்லை. ஜெயித்தது யார் என்று நான் கேட்கவேயில்லை.