மரகதம் டீச்சரின் வெட்டப்பட்ட இரண்டு வரிகள்

ரத்தோட்டையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் மாத்தளை பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு சொன்னார்: “சார், ஒங்க மரகதம் டீச்சர் காலையில போயிட்டாங்க.” நான் அங்கிருந்து கிளம்புவதற்குள்ளேயே பக்கத்துத் தேநீர்க் கடையில் புகழ்மாலை தொடங்கிவிட்டது. “அப்பாவுக்காக அழுத கவிஞராச்சே” என்றார் ஒருவர். டீச்சர் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டுப் படியேறாத மனிதர் அவர்.

ரிவர்ஸ்டன் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். தோட்டங்கள் கம்பனிகளின் கையிலிருந்த காலம். அவருடைய தகப்பனார் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்து, பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர். தாய் முன்பே இல்லை. அண்ணன்மாருக்குக் கொழும்பில் வியாபாரம். இடைவேளை மணி அடித்ததும் டீச்சர் வீட்டுக்கு ஓடுவார். தகப்பனைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, மூச்சிரைக்கத் திரும்பி வருவார். ஆண்டுக்கணக்கில் இதே பாடுதான். ஒருநாள் அண்ணன்மார் வந்து பார்க்க மாட்டார்களா என்று கேட்டேன். “கொள்ளி வைக்கிற கைக்குத்தான் சார் மரியாதை. பீ அள்ளுற கைய யாரு பாக்குறாங்க?” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தகப்பனார் இறந்த பிறகு ஒரு கவிதை எழுதினார். மாத்தளையில் நடந்த ஒரு கவியரங்கில் அதை வாசித்தார். படுக்கைப் புண்ணும், கிழவரின் வசவும், காயாத துணியும் அதில் இருந்தன. கடைசி வரிகள் இவை:

அப்பா, நீ போன காலையில்தான்
தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணி அது. குடித்து முடிக்கும்வரை உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. நடந்ததை அப்படியே எழுதியிருந்தார். அரங்கத் தலைவர் முகம் சுளித்தார். “பெத்த தகப்பனப் பத்தி இப்படியா பாடுறது? சபையில பொம்பளைங்க இருக்காங்கம்மா.”

“அவங்களுக்குத் தெரியாததையா எழுதிட்டேன்?” என்று கேட்டுவிட்டு டீச்சர் மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

பின்னர் அந்தக் கவிதையை, அவரைக் கேளாமலே, விழா மலர் ஒன்றில் அச்சிட்டார்கள். கடைசி வரிகளை வெட்டிவிட்டு, ‘நீ போன காலையில் என் கண்ணீரே ஆறாச்சு’ என்று தலைவரே எழுதிச் சேர்த்திருந்தார். அதுதான் ஊரெல்லாம் பரவியது. அலுவிகாரையில் யாரோ ஒருவரின் கருமாதியில்கூட அதை வாசித்து அழுதார்கள். “என் பேர்ல வேற யாரோ அழுவுறாங்க சார்” என்றார் டீச்சர். அதன் பிறகு அவர் ஒரு கவிதையும் வெளியிடவில்லை. அந்தத் தலைவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

டீச்சரின் சாவு வீட்டிலும் மூத்த அண்ணன் அந்தத் திருத்திய கவிதையைத்தான் வாசித்தார். பொறுக்க முடியவில்லை. எழுந்து, வெட்டிய வரிகளை உரக்கச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

“செத்த வீட்டுல இதெல்லாம் எதுக்குங்க சார்? என் தங்கச்சி அப்படி எழுதியிருக்க மாட்டா.”

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா நிமிர்ந்தார்.

“எழுதியிருக்கும் தம்பி. அன்னைக்குத் தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தவ நான்தான். ஒரே மூச்சுல குடிச்சிச்சு. குடிச்சிட்டு, இன்னும் இருக்கான்னு கேட்டுச்சு. நீங்க அப்ப கொழும்புல இருந்து வந்து சேரல.”

அண்ணன் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு வரிகளை மட்டும்தான். இனி எந்தச் சாவு வீட்டிலாவது அந்தக் கண்ணீர் ஆற்றை அவர் பெயரில் வாசித்தீர்களானால், நான் எழுந்து நின்று அவர் எழுதியதைச் சொல்வேன். சாவு வீட்டுக்கு யாரும் அழைப்பு அனுப்பத் தேவையில்லை. வருவேன்.