இசக்கி எங்கன?

பேய், பிசாசு, முனி எதையும் நான் நம்புனது கெடையாது அண்ணாச்சி, இப்பவும் நம்பல, அத மொதல்லயே சொல்லிப்புடுதேன். தென்காசியில மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பாக்குத ஆளு நான், எது ஓடலன்னாலும் உள்ள ஒரு வயரு விட்டிருக்கும்னுதான் எனக்குப் புத்தி போகும். நீங்க சிரிக்கதுக்கு ரெடியா இருக்கீயன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எனக்கு ஹாம் ரேடியோக் கிறுக்கு உண்டுல்லா, மாடியில கம்பியக் கட்டி வச்சு கடல் தாண்டி இருக்கவன்கிட்ட பேசுத சோலி. ஆளில்லாத தீவுல போயி ஒருத்தன் செட்டு வச்சாம்னா, உலகத்துல உள்ள ஹாம் பூரா அவன்கூட ஒரு வார்த்தையாவது பேசிரணும்னு விழுந்தடிச்சு வருவான். அந்த ஆசையிலதான் அனுமதி எல்லாம் வாங்கி லட்சத்தீவுப் பக்கம் ஒரு குட்டித் தீவுக்குக் கெளம்புனோம். கொல்லத்துக்காரங்க ரெண்டு பேரு, நான், அப்புறம் எம் மச்சினன் இசக்கி. இசக்கிக்கு ரேடியோவும் தெரியாது, மோர்ஸுங்குத தந்திப் பாஷையும் தெரியாது, நான் தட்டுனா "அத்தான், தந்தி ஆபீஸ மூடியாச்சு, தெரியுமா"ன்னு கேலி பண்ணுவான். ஆனா கேபிள் டிவி வேலைக்காரன், எம்புட்டு ஒசரத்துலயும் ஏறிக் கம்பி கட்டிருவான். செங்கோட்டையில ரயிலேறும்போது எம் பொண்டாட்டி, "எனக்கு இருக்கது ஒத்தத் தம்பி, போன மாதிரியே கொண்டாந்து சேத்துரணும்"னு கண்ணக் கசக்குதா. "ஏட்டி, சண்டைக்கா போறோம்"னு சிரிச்சுட்டு வந்துட்டேன்.

தீவுக்கு எதுத்தாப்புல ஒரு மணல்திட்டு உண்டு, தண்ணி வத்தும்போது நடந்தே போயிரலாம். அங்கன ஒரு இரும்புக் கம்பத்த நட்டு, ஆன்டெனா வயரோட ஒரு நுனிய அதுல கட்டி வச்சிருந்தான் இசக்கி. ஒருநா சாயங்காலம், ராத்திரி பூரா முழிச்ச கொல்லத்துக்காரங்க தூங்குதாங்க, இசக்கியும் பக்கத்துக் கூடாரத்துல குறட்ட விடுதான், எங் கண்ணால பாத்துட்டு வந்துதான் செட்டு முன்னால உக்காந்தேன். மோர்ஸ்ல ஜப்பான்காரன், இத்தாலிக்காரன்னு ஈ மொய்ச்ச மாதிரி கூப்பிடுதான், ஒரு மணி நேரத்துக்கு மேல போனதே தெரியல. அத்தன இரைச்சலுக்கு நடுவுல ஒருத்தன் மட்டும் கணீர்னு வாரான். வந்தவன் சொல்லுத அழைப்புக்குறி என்னோடது! தீவுக்குன்னு வேற குறி வாங்கியிருக்கோம், இது எந் தென்காசி வீட்டுக் குறி. வண்டி நம்பர் மாதிரி ஆளுக்கு ஒண்ணுதான் அது. எவம்லே அது எம் பேருலன்னு எனக்குச் சுர்ருனு ஏறிட்டு. அடுத்தாப்புல இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிக்கான்: "இசக்கி எங்கன?"

எங்கன! மெட்ராஸ்காரன் எங்கேம்பான், மதுரக்காரன் எங்கிட்டும்பான், எங்கனன்னு கேக்கது நம்மாளுதான. கல்ஃப்ல இருக்க நம்மூருப் பய எவனோ நக்கல் பண்ணுதாம்னு, "தூங்குதான், நீ யாருல?"ன்னு அடிச்சேன். அதுக்கும் "இசக்கி எங்கன?" திரும்பத் திரும்ப அதே. சவத்துப்பய, இசக்கியவே எழுப்பிக் கொண்டாந்து உக்கார வச்சாத்தான் அடங்குவாம்னு ஹெட்போனக் கழத்தி எறிஞ்சுட்டு கூடாரத்துக்குப் போனேன். படுக்க காலியாக் கெடக்கு.

கரைக்கு ஓடுனேன். மணல்திட்டக் காணோம் அண்ணாச்சி, பூராவும் கடல். நடுவுல கம்பம் நிக்கி, அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இசக்கி, தலையும் ரெண்டு கையுந்தான் தெரியுது. குத்தாலத்துல அருவிக்கு அடியில நின்னே குளிச்சு வளந்தவனுக்கு நீச்சல் எங்க தெரியும்? கத்துன கத்துல கொல்லத்துக்காரங்க எந்திரிச்சு ஓடியாந்தாங்க, ரப்பர் படகத் தள்ளிட்டுப் போனோம். நாங்க போயிச் சேரும்போது தண்ணி அவன் தாடையத் தொடுது. தூக்கிப் போட்டதும் உப்புத் தண்ணியக் கக்கிட்டு மொத வார்த்த என்ன சொன்னாம்ங்கீய? "அத்தான், வயரு அவுந்து கெடந்துச்சு, கட்டிட்டேன்." ஒரு அறை விட்டேன், அப்புறம் அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன். கொல்லத்துக்காரரு ஒருத்தரு "ரெக்ஷப்பெட்டு, ரெக்ஷப்பெட்டு"ன்னு, பொழச்சுக்கிட்டாம்னு மலையாளத்துல சொல்லி எம் முதுகத் தடவிக்கிட்டே வாராரு.

திரும்பி வந்து செட்டப் போட்டா அந்த ஆளு இல்ல. எவனா இருந்தா என்ன, மகராசன் நல்லா இருக்கட்டும்னு கும்பிட்டுட்டு விட்டுட்டேன். ஊரு வந்த பெறவுதான் ஒறச்சுது, எங்க வீட்டுல இருந்ததே ஒரே செட்டு, அதத்தான் நான் தீவுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன். நம்புனா நம்புங்க, இன்னொண்ணும் சொல்லுதேன். மோர்ஸ் தட்டுததுல ஆளுக்கு ஆள் கை மாறும், குரல் மாதிரி. அன்னைக்குத் தட்டுன கை, என் கை.

ஊரு வந்த மறுநா நல்ல சாரல். எல்லாரும் அஞ்சருவிக்குப் போயி ஆச தீரக் குளிச்சோம், எம் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அப்புறம் புரோட்டாக் கடையில இசக்கியத் தனியா ஒரு மேசைக்குக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் சொன்னேன். பிச்ச புரோட்டாவ அப்படியே வச்சுட்டான்.

"நீங்க சொல்லலன்னா நானும் சொல்லிருக்க மாட்டேன் அத்தான். தண்ணி நெஞ்சுக்கு வந்ததும் கை மரத்துப்போச்சு, விட்றலாம்னு இருந்தேன். அப்பதான் கம்பம் கைக்குள்ள தட்ட ஆரம்பிச்சுது. ஒரே தாளம், திரும்பத் திரும்ப. அதப் பிடிச்சுக்கிட்டேதான் நின்னேன்."

"எப்படில தட்டுச்சு?"

மேசையில வெரல வச்சுத் தட்டுனான். மூணு குட்டை, ஒரு நீளம். அப்புறம் ஒரு குட்டை, ஒரு நீளம். மோர்ஸ் தெரியாத பய, ஒரு எழுத்துப் பிசகாம கடைசி வரைக்கும் தட்டுனான். நான் மனசுக்குள்ள எழுத்துக் கூட்டுனேன்.

"வருதேன்."

அவன் உசுரோட எம் முன்னால உக்காந்து தட்டுதான், எனக்கு அது போதும். ஆனா அந்த வார்த்தைய நான் அனுப்பல அண்ணாச்சி. அந்நேரம் நான் அவன் தூங்குதாம்னுல்லா அடிச்சுக்கிட்டு இருந்தேன்.