லீவரை யார் தள்ளினது?

எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சந்தேகப்பட்டே பிழைக்கிற தொழில், ஹைட்ராலிக் வால்வு ரிப்பேர்.

தென்காசியில் எங்கள் கடையில் ஹோஸுக்கு, அதாவது எண்ணெய்க் குழாய்க்கு, முனை அடித்துக் கொடுப்பது என் வீட்டுக்காரர். வால்வைப் பிரித்துப் பார்ப்பது நான். வருகிறவர்கள் முதலில் வால்வைச் சந்தேகப்படுவார்கள், அப்புறம் டிரைவரை, கடைசியில் என்னை. மிக்ஸியோ மோட்டாரோ, எதையாவது கழற்றி மாட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

அடைத்த மடை

வீரகேரளம்புதூர் பக்கத்து விவசாயி ஒருவர். அவருடைய டிராக்டர் டிரெய்லர் தூக்கிக் கொட்டுகிற வகை. தூக்கி நிறுத்தினால் சற்று நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. டிரைவர்தான் லீவரைத் தட்டிவிட்டு இல்லை என்கிறான் என்று அவருக்கு முடிவே ஆகிவிட்டது. கழற்றிய வால்வோடு டிரைவரையும் விசாரணைக்குக் கூட்டி வந்திருந்தார்.

பிரித்துக் காட்டினேன். உள்ளே பள்ளம் பள்ளமாகக் கடைந்த ஒரு கம்பி, ஸ்பூல் என்போம். லீவரைத் தள்ளினால் அது நகர்ந்து, பம்ப் தரும் எண்ணெயைச் சிலிண்டருக்கு அனுப்பும்; டிரெய்லர் எழும். இழுத்தால் அதே எண்ணெய் டாங்கிக்குத் திரும்பும், டிரெய்லர் இறங்கும். நடுவில் விட்டால் சிலிண்டருக்குப் போகிற வழி அடைபடும். தூக்கியது தூக்கியபடி நிற்கும். "வாய்க்கால் மடை மாதிரிதான் அண்ணாச்சி" என்றதும் தலையாட்டினார். வால்வைக் கழற்றப் போன என் வீட்டுக்காரர் சிலிண்டரில் கோளாறில்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டார். ஸ்பூல்தான் தேய்ந்து, அடைத்திருக்கும்போதே ஓரமாக எண்ணெயை விடுகிறது என்றேன். டிரைவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அண்ணாச்சி ஸ்பூலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடைச்ச மடையில தண்ணி களவு போகுதுன்னா, தினமும் பக்கத்துலயே நிக்குத இவன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

குற்றாலத்தில் ஒரு கார் உயர்ந்தது

சீசன் நேரம். கார் கழுவுகிற இடத்தில் காரைத் தூக்குகிற லிப்டின் லீவர் இறுகிப்போச்சு என்று கூப்பிட்டார்கள். சரிசெய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த கார் லிப்டில் ஏறி நின்றது. குடும்பமே அருவிக்குப் போய்விட்டது. ஒரு அம்மா மட்டும் இறங்கவில்லை. "சாமானெல்லாம் உள்ள இருக்கு. நான் எறங்குனா என்னத்தக் களட்டுவியளோ" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வேலையாள் மோட்டாரை ஓட விட்டுவிட்டு முதலாளியைக் கூப்பிடப் போனார். போகிற போக்கில் தன் சாப்பாட்டுப் பையை லீவரில் மாட்டிவிட்டார்.

குற்றாலத்தில் தொங்குகிற பையை யார் விட்டுவைப்பார்கள்? குரங்கு ஒன்று வந்து பிடித்து இழுத்தது. பையோடு லீவரும் சாய்ந்தது. கார் எழும்பியது. அந்த அம்மா போட்ட கூச்சல் மெயினருவி வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடிப் போவதற்குள் பை அறுந்து, ஸ்பிரிங் லீவரை நடுவுக்குத் தள்ள, கார் இடுப்பு உயரத்தில் நின்றது. மெதுவாக இறக்கிக் கதவைத் திறந்துவிட்டேன். சுவர்மேல் எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்த குரங்கைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார்.

"அதுவும் ஒங்க ஆளுதானா?"

முன்னும் பின்னும்

செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில். முதலாளி மலையாளம் கலந்து பேசுகிறவர். லீவரை முன்னே தள்ளினால் மரம் பின்னே வருகிறது. எதிர் மில்காரன் ஆள் வைத்துக் கெடுத்துவிட்டான் என்று சத்தியம் செய்யாத குறை. பார்த்தால், மெஷினுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் இரண்டு ஹோஸைக் கழற்றி இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். முன் பக்கம் போக வேண்டிய எண்ணெய் பின் பக்கம் போகிறது, அவ்வளவுதான். மாற்றி மாட்டினேன், மரம் சொன்னபடி நடந்தது. அவர் முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"இத்தற வேகத்துல சரியாகுமெங்கில், கேடாக்குனவன் ஒனக்குத் தெரிஞ்சவனாத்தான் இருக்கணும்."

மத்தியானத்துக்கு மேல்

பாக்குமட்டைத் தட்டு செய்கிற சிறிய பட்டறை. நடத்துகிறவர் ஸ்டெல்லா அக்கா. அங்கே மட்டையை அழுத்துகிற பிரஸ்ஸில் நிற்கிற செல்வி, "காலை எடுத்த பொறவும் அச்சு இறங்குது" என்று ஒரு வாரமாகச் சொல்லிவருகிறாள். பெடலை மிதித்தால் வால்விலுள்ள கம்பிச்சுருள் காந்தமாகி ஸ்பூலைத் தள்ளும், அச்சு இறங்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஸ்பூலை நடுவுக்குக் கொண்டுவர, அச்சு அந்தரத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மட்டை கோணியிருந்தால் கைவிட்டு நேராக்குவார்கள்.

"அவளுக்கு மெஷின்ல நிக்க மடி. அதுக்கொரு கதை சொல்லுதா" என்றார் ஸ்டெல்லா அக்கா. நானும் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது. கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது செல்வி பக்கத்தில் வந்து, "காலைல ஒண்ணும் செய்யாதுக்கா. மத்தியானத்துக்கு மேலதான்" என்றாள். அது எனக்கு உறைத்தது. மத்தியானம் என்றால் எண்ணெய் சூடாகியிருக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் கழிந்து டாங்கியைத் தொட்டால் கை சுட்டது. கைக்குப் பதிலாக ஒரு குச்சியை நீட்டி, பெடலை மிதித்துக் காலை எடுத்தேன். முதலில் நின்றது. மறுபடியும் நின்றது. ஸ்டெல்லா அக்கா உதட்டைச் சுழித்தார். அடுத்த தடவை, கால் தரையில் இருக்கும்போதே அச்சு இறங்கி வந்து குச்சியை முறித்தது. மோட்டாரை நிறுத்தி வால்வைக் கழற்றினேன். பிரித்தபோது ஸ்பூலுக்கும் சுவருக்கும் நடுவே ஊசிமுனை அளவு இரும்புச் சீவல். சூட்டில் இடைவெளி குறுகியதும் அது ஸ்பூலைக் கடித்துப் பிடித்திருக்கிறது. புது வால்வு வரும்வரை மெஷினை ஓட்டக்கூடாது என்று சொல்லி மெயின் சுவிட்சை இறக்கினேன். ஸ்டெல்லா அக்கா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வெரலு பத்தும் இருக்கையிலேயே நம்புங்கன்னுதான் ஒரு வாரமா சொல்லுதேன்."

பனந்தடி

சிவகிரிப் பக்கம் ஒரு செங்கல் சூளை. டிப்பர் லாரியின் பெட்டி தூக்கியபடியே நிற்கிறது, லீவரை எப்படி ஆட்டினாலும் இறங்கவில்லை. முட்டுக் கொடுக்காமல் கீழே போக மாட்டேன் என்றேன். "காலைலேருந்து அசையாமத்தான நிக்கி? நீங்க போனா மட்டும் விழுமா? இதெல்லாம் வேலையைப் பெருசாக் காட்டுத வித்தை" என்றார் சூளைக்காரர். நான் நகரவில்லை. டிரைவர் முருகன்தான் இரண்டு ஆட்களோடு போய்ப் பனந்தடிகளைச் சுமந்து வந்து, லாரியின் அடிச்சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையே நிறுத்தினார்.

இறங்கும் பக்கம் லீவரை வைத்து, ஒதுங்கி நின்று வால்வை ஒரு தட்டுத் தட்டினேன். சிக்கியிருந்த ஸ்பூல் விடுபட்டது. எண்ணெய் மொத்தமும் டாங்கிக்கு ஓட, பெட்டி தடதடவென்று வந்து பனந்தடிமேல் உட்கார்ந்தது. லாரியே குலுங்கியது. சூளைக்காரர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சொம்பை வாங்கி அவரே குடித்தார். முருகன் இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காலைல கிரீஸ் வைக்க இதுக்கு அடியிலதான்க்கா படுத்துக் கெடந்தேன்; எங்க வீட்டுல மட்டும் சொல்லிராதிய."

இப்போதெல்லாம் யாராவது ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை அப்படியே நம்பி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், எனக்கே சந்தேகம் வந்து, நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.